டிமென்ஷியா வந்த மனைவி, கணவன் மேல் வழக்கு: அயோவாவில் நடந்தது சரியா?

காவேரிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2015-இல் தீர்ப்பான ஒரு வழக்கைப் பற்றி இங்கே பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். வயதானவர்கள் இருக்கிற எந்த வீட்டுக்கும் இந்தக் கேள்வி வரலாம். வந்தாலும் யாரும் வாய் திறப்பதில்லை.

ஹென்றி ரேஹான்ஸ் என்பவர் விவசாயி. கார்னர் என்ற சின்ன ஊர்க்காரர். குடியரசுக் கட்சியின் சார்பில் மாநில சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். முதல் மனைவி இறந்த பிறகு, தேவாலயப் பாடகர் குழுவில் பழக்கமான ஒரு பெண்ணை 2007 டிசம்பரில் மணந்தார். அந்த அம்மாவும் கணவரை இழந்தவர். இருவருக்குமே எழுபதை ஒட்டிய வயது. நல்லபடியாக வாழ்ந்தார்கள் என்று வழக்கில் இரண்டு தரப்புமே ஒப்புக்கொண்டது.

பிறகு மனைவிக்கு அல்சைமர் வந்தது. டிமென்ஷியா என்கிற மறதி நோயில் அது ஒரு வகை. 2014 மார்ச்சில், மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகள்களின் முயற்சியில் அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். மே மாத நடுவில் ஒரு கூட்டம் நடந்தது. உடலுறவுக்குச் சம்மதம் சொல்லும் நிலையில் உங்கள் மனைவி இல்லை என்பது மருத்துவரின் கருத்து என்று ரேஹான்ஸிடம் சொன்னார்கள். சுமார் ஒரு வாரம் கழித்து, மே 23 மாலை, அவர் மனைவியின் அறைக்குப் போனார். அறையில் நடுவே திரை, அந்தப் பக்கம் இன்னொரு மூதாட்டி. ஏதோ சத்தம் கேட்டதாக அந்த மூதாட்டி ஊழியரிடம் சொன்னார். ரேஹான்ஸ் வெளியே வந்து மனைவியின் உள்ளாடையை அழுக்குத்துணிப் பையில் போட்டது நடைபாதைக் கேமராவில் பதிவாகியிருந்தது.

ஆகஸ்ட் 8 அன்று மனைவி இறந்துவிட்டார். அடுத்த வாரமே ரேஹான்ஸ் கைதானார். மூன்றாம் நிலை பாலியல் குற்றம், 10 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய வழக்கு. அப்போது அவருக்கு 78 வயது. அன்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தோம், ஜெபித்தோம், முத்தமிட்டேன், வேறு எதுவும் நடக்கவில்லை என்று கூண்டில் ஏறிச் சொன்னார். 2015 ஏப்ரல் 22 அன்று ஜூரி அவரை விடுவித்தது.

ஆதாரம் போதாத இடத்தில் விடுவித்தது சரி. ஆனால் வழக்கு எழுப்பிய கேள்வி அப்படியே நிற்கிறது. நோய் முற்றிய ஒருவர் தன் கணவனுக்கோ மனைவிக்கோ சம்மதம் சொல்ல முடியுமா? சொன்னார் என்று எப்படித் தெரிந்துகொள்வது? உங்கள் கருத்தை எழுதுங்கள். தயவுசெய்து நாகரிகமாக.

---

பழையமரம்

எனக்கு எழுபது தாண்டிவிட்டது. அந்த மனிதரை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. மனைவியை அடக்கம் செய்த கை ஈரம் காயும் முன்னே வீட்டு வாசலில் போலீஸ். அவர் என்ன தெருவில் போன பெண்ணையா தொட்டார்?

கணவன் மனைவிக்குள் எது சரி, எது கூடாது என்று ஒரு கூட்டம் போட்டு, காகிதத்தில் எழுதிக் கையில் கொடுக்கிறார்கள். நாற்பது ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு பார்வை போதும். இந்த நோயில் பெயர் மறக்கும், ஊர் மறக்கும். தொடுகை கடைசியாகத்தான் மறக்கும். அதையும் பிடுங்கிக்கொண்டால் அந்த அம்மாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது? பராமரிப்பு இல்லங்களில் ஒரு நாளில் நோயாளியை எத்தனை பேர் தொடுகிறார்கள்! டயபர் மாற்ற, ஊசி போட, குளிப்பாட்ட. அதில் பிரியத்தோடு தொடுகிறவர் யார்?

---

நெய்தல்

ஐயா சொல்வதில் பாதிக்கு நான் முழுமனதோடு கை தூக்குகிறேன். மற்றப் பாதியில்தான் பிரச்சினை. நான் லண்டனில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் தாதியாக இருக்கிறேன், டிமென்ஷியா பிரிவில். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நாளில் இருந்து இந்த வேலைதான்.

முதலில் அந்த அயோவா வழக்கில் எனக்குச் சரியாகப் படாத ஒன்று. அந்த அம்மாவின் நினைவுச் சோதனை மதிப்பெண் பூச்சியம் என்பது வழக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. அது 15 மதிப்பெண்ணுக்கான சோதனை. சாக்ஸ், நீலம், கட்டில் என்று மூன்று சொல்லைச் சொல்வார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். இது என்ன வருடம், என்ன மாதம், என்ன கிழமை என்று கேட்பார்கள். பராமரிப்புத் திட்டம் போட அது நல்ல கருவி. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மனிதரை இவருக்குப் பிடிக்கிறதா, அவர் தொட்டால் சந்தோஷமா பயமா என்று அந்தச் சோதனையில் ஒரு கேள்வியும் இல்லை. கிழமை தெரியாதவருக்கு ஆசையும் வெறுப்பும் இருக்காது என்று எப்படி முடிவு கட்டலாம்?

இந்த விஷயத்துக்கென்றே 1990-இல் லிச்சன்பெர்க், ஸ்ட்ரெப்செக் என்ற இருவர் ஒரு கேள்விமுறை எழுதினார்கள். அதில் அடிப்படை மூன்று. தன்னோடு நெருங்குகிறவர் யார் என்று இவருக்குத் தெரிகிறதா? வேண்டாம் என்றால் விலகவோ மறுக்கவோ முடிகிறதா? இதனால் என்ன வரலாம் என்று ஓரளவாவது புரிகிறதா? முதல் கேள்விதான் எனக்கு எப்போதும் பெரியது. மனைவி ஆசையோடு கை நீட்டலாம். ஆனால் எதிரே இருப்பவர் யார் என்று நினைத்து நீட்டுகிறார்? முதல் கணவர் என்றா, இளவயதில் பழகிய யாரோ என்றா? கண்ணெதிரே நிற்கிற கணவனை 'இவர் என் கணவர் மாதிரி வேஷம் போட்ட ஆள்' என்று நம்புகிற நோயாளிகளும் இருக்கிறார்கள். டிமென்ஷியாவில் அதுவும் வரும்.

இப்போது ஐயாவின் 'ஒரு பார்வை போதும்' என்பதற்கு வருகிறேன். எங்கள் இல்லத்தில் ஒரு அம்மா இருந்தார். கணவர் மதியம் வந்தால் அவர் கட்டிலில் சுவர்ப்பக்கம் நகர்ந்து இடம் விடுவார். விட்ட இடத்தில் விரிப்பின் சுருக்கத்தை உள்ளங்கையால் இழுத்துத் தடவிச் சரிசெய்வார். பேச்சே கிடையாது. அதைப் பார்த்தால் நாங்கள் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவோம். அதே அம்மா பின்னேரம் வேறு ஆள். வெளிச்சம் குறையக் குறையக் குழப்பம் கூடும். அதே கணவர் பக்கத்தில் வந்தால் போர்வையைத் தாடை வரை இழுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். கணவர் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு நாற்காலியை ஜன்னல் பக்கம் போட்டு உட்காருவார். மதியம் கிடைத்த சம்மதத்தைப் பின்னேரத்துக்குச் செலவழிக்க முடியாது என்று அவருக்கு நாங்கள் சொல்லத் தேவையிருக்கவில்லை.

---

தென்றல்

மதுரையில் வழக்கறிஞராக இருக்கிறேன். சட்டப் பக்கத்தைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அயோவா சட்டத்தில் ரேஹான்ஸ் மேல் போட்ட பிரிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மனநிலைக் குறைவால் சம்மதம் தர முடியாதவரோடு உறவு கொள்வது குற்றம். ஆனால் இருவரும் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழாதபோதுதான் அந்தப் பிரிவு பொருந்தும். அதாவது அதே மனைவி, அதே நோய், அதே சோதனை மதிப்பெண்ணோடு வீட்டில் இருந்திருந்தால் அந்தப் பிரிவில் வழக்கே வந்திருக்காது. இல்லத்தில் சேர்த்ததால் வந்தது. மனைவியின் மனநிலையைப் பாதுகாக்கிற சட்டம் அவர் எந்தக் கூரைக்குக் கீழே படுத்திருக்கிறார் என்பதைப் பார்த்து மாறினால், அது யாரைப் பாதுகாக்கிறது?

நம் நாட்டுச் சட்டத்தில் இந்த முரண் இன்னும் பெரிது. பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 63. மனநலக் குறைவால் தான் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியாத நிலையில் ஒரு பெண் தரும் சம்மதம் செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதே பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு, 18 வயதுக்குக் குறையாத சொந்த மனைவியோடு கணவன் கொள்ளும் உறவு வன்புணர்வு ஆகாது என்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 375-இல் இருந்து வந்தது. விதிவிலக்கு பிரிவு முழுவதற்கும் பொருந்துவதால், டிமென்ஷியா வந்த மனைவிக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. 2022 மே 11 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தில் இந்த விதிவிலக்கு செல்லுமா என்று இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பு சொன்னார்கள். விஷயம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

பிரிவு 67 என்று ஒன்றும் இருக்கிறது. தனியாக வாழும் மனைவியோடு அவர் சம்மதமில்லாமல் உறவு கொண்டால் 2 முதல் 7 ஆண்டு வரை சிறை. மனம் கசந்து பிரிந்து போன பெண்களை மனதில் வைத்து எழுதியது அது. முதியோர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட மனைவி 'தனியாக வாழ்பவர்' ஆவாரா? அப்படி ஒரு வழக்கு என்னிடம் வந்தால் ஆவார் என்றுதான் வாதிடுவேன். வீட்டிலேயே இருக்கிற மனைவிக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உண்டு. பாலியல் ரீதியாகக் கண்ணியத்தைக் குலைப்பது அதில் வன்முறைதான். யார் போய்ப் புகார் கொடுப்பது என்பதுதான் அங்கே சிக்கல்.

பழையமரம் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. 'பல வருடம் முன்பே சம்மதித்தவள்தானே' என்ற வாதத்தைக் கனடா உச்ச நீதிமன்றம் 2011-இல் நேராகவே எடுத்துப் பார்த்தது. அது டிமென்ஷியா வழக்கு அல்ல, துணைவி மயக்கத்தில் இருந்த வழக்கு. முன்கூட்டியே சொல்லி வைத்த சம்மதம் செல்லாது, அந்த நேரத்தில் சுயநினைவோடு சம்மதிக்க வேண்டும் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. அன்றைக்கு நடப்பது வேண்டாமென்றால் பாதியில் நிறுத்தச் சொல்ல முடிய வேண்டும், அதுதான் காரணம்.

---

பழையமரம்

தென்றல், சட்டம் சொன்னதற்கு நன்றி அம்மா. நெய்தல் எழுதிய போர்வை விஷயத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தக் கணவர் நல்ல மனிதர். ரேஹான்ஸும் அப்படிப்பட்டவராக இருந்திருக்கலாமே? அந்த அம்மா எதிர்த்ததாகவோ பயந்ததாகவோ யாரும் சாட்சி சொல்லவில்லை. கணவரைக் கண்டால் சந்தோஷப்படுவார் என்றுதானே சொன்னார்கள். அப்படியிருக்க மருத்துவர் 'முடியாது' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்ததும் எல்லாம் முடிந்துவிட்டதா? என் கோபம் அதில்தான்.

இன்னொன்றும் எனக்கு உறுத்துகிறது. முதல் கல்யாணத்துப் பிள்ளைகளுக்கும் பின்னால் வந்த கணவருக்கும் மனத்தாங்கல் இருந்தால், இப்படி ஒரு புகார் எங்கே போய் நிற்கும்?

---

காவேரிக்கரை

ஐயா, மகள்களை அப்படிப் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அம்மாவால் பேச முடியவில்லை. அவருக்காக யாராவது கேட்கத்தான் வேண்டும், கேட்டது அவர்கள். அம்மாவை இல்லத்தில் விட்டுவிட்டு இப்படி ஒரு சந்தேகம் வந்த பிறகும் 'பெரியவர்கள் விஷயம்' என்று சும்மா இருந்திருந்தால் அதுதான் எனக்குப் பயமாக இருந்திருக்கும்.

ஆனால் மருத்துவரின் ஒற்றைச் சொல் பற்றி நீங்கள் சொல்வது சரி. எந்தப் பாலியல் செயலுக்காவது சம்மதிக்கும் திறன் இவருக்கு உண்டா என்று எழுத்தில் ஒரு கேள்வி, அதற்கு 'இல்லை' என்று ஒரு பதில். முத்தம் எந்தப் பக்கம், ஒரே கட்டிலில் படுப்பது எந்தப் பக்கம், எல்லாம் அந்த 'இல்லை'க்குள் போய்விட்டது. மனைவி எப்போது தெளிவாக இருப்பார், அவர் வேண்டாம் என்பதை எப்படிக் காட்டுவார், இதையெல்லாம் அந்த மனிதரோடு யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு நடந்திருந்தால் விஷயம் நீதிமன்றம் வரை போயிருக்காது என்பது என் எண்ணம்.

---

நெய்தல்

அப்படிப் பேசுகிற இடங்கள் இருக்கின்றன. நியூயார்க்கில் பிராங்க்ஸ் பக்கம் ரிவர்டேலில் இருக்கிற ஹீப்ரூ ஹோம் என்ற முதியோர் இல்லம் 1995-இலேயே இதற்கென்று ஒரு எழுத்துக் கொள்கை வைத்தது. குடியிருப்பவர்களுக்கு நெருக்கத்துக்கான உரிமை உண்டு, அதற்குத் தனிமை தருவது ஊழியரின் வேலை, கட்டாயப்படுத்தல் தெரிந்தால் தடுப்பதும் ஊழியரின் வேலை. இரண்டையும் ஒரே தாளில் எழுதினார்கள் என்பது எனக்குப் பிடிக்கும்.

இங்கிலாந்தில் இன்னொரு விதி உண்டு. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம், பிரிவு 27. நோயாளியின் பணத்துக்கு, வைத்தியத்துக்கு, இருப்பிடத்துக்கு வேறு ஒருவர் முடிவெடுக்கலாம். ஆனால் உடலுறவுக்கு யாரும் அவருக்குப் பதிலாகச் சம்மதம் சொல்ல முடியாது. பிள்ளை முடியாது, நீதிபதி முடியாது, கணவனும் முடியாது. 'அவளுக்கும் சேர்த்து எனக்குத் தெரியும்' என்று கணவர்மார் எங்களிடம் சொல்வார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். சாப்பாட்டில் அது சரி, அம்மாவுக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று நீங்கள் சொன்னால் நாங்கள் எழுதி வைப்போம். இதில் அப்படி எழுதி வைக்க ஏலாது.

---

மலைக்கோட்டை (புதிய உறுப்பினர்)

படித்துக்கொண்டே இருந்தேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். எல்லாரும் மனைவிக்கு நோய் வந்த கதையைப் பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் நோய் அவருக்கு.

முதலில் பார்க்கின்சன் என்றார்கள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. மருந்தை மாற்றிய பிறகு இது ஆரம்பித்தது. ராத்திரியில் எழுப்புவார். ஒரு மணி நேரம் முன்னால் நடந்தது அவருக்கு நினைவிருக்காது, மறுபடி கேட்பார். முடியாது என்றால் 'யாரிடம் போய் வந்தாய்' என்று கத்துவார். இப்படி ஒரு சொல் சொல்லாத மனிதர் அவர். பகலில் நான்தான் குளிப்பாட்டுகிறேன், ஊட்டுகிறேன், மலம் துடைக்கிறேன். ராத்திரி எனக்கு உடம்பு மரத்துப் போகிறது. டாக்டரிடம் போனால் பக்கத்தில் மகன் உட்கார்ந்திருக்கிறான், என்ன சொல்வது? அக்காவிடம் ஒருமுறை சொன்னேன். 'நோயாளி, புருஷன், பொறுத்துக்கோ' என்றார்.

எனக்கும் சம்மதம் என்று ஒன்று உண்டா?

---

தென்றல்

உண்டு அம்மா. அவருக்கு நோய் என்பதால் உங்கள் சம்மதம் ரத்தாகாது. சட்டப்படி என்ன செய்யலாம் என்று நான் எழுதலாம், ஆனால் இப்போது உங்களுக்குத் தேவை போலீசோ நீதிமன்றமோ இல்லை என்று நினைக்கிறேன். அடித்தாலோ அடிப்பார் என்று பயமாக இருந்தாலோ 181-க்குக் கூப்பிடுங்கள், அது பெண்களுக்கான உதவி எண். நோயாளி வைத்திருக்கும் குடும்பங்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணிலும் வழி கேட்கலாம். மருத்துவப் பக்கம் நெய்தல் சொல்லட்டும்.

---

நெய்தல்

அக்கா, நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் பிடித்துக்கொள்கிறேன்: மருந்தை மாற்றிய பிறகு ஆரம்பித்தது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கிற சில மருந்துகள், அதிலும் டோபமைன் போல வேலை செய்கிற பிராமிபெக்சோல், ரோபினிரோல் வகை, சிலருக்குக் காம உணர்வைக் கட்டுப்பாடில்லாமல் கூட்டும். சூதாட்டம், கண்டபடி செலவு என்றும் சிலருக்கு வரும். நரம்பியல் டாக்டர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. நீங்கள் சொன்னால் அவர் ஆச்சரியப்பட மாட்டார். அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வேறு ஆபத்து. சந்தேகப்பட்டுக் கத்துவதும் நோயோடோ மருந்தோடோ வருவதுதான், அதையும் சொல்லுங்கள்.

மகன் முன்னால் பேச முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி, மருந்துச் சீட்டோடு மடித்து டாக்டரின் கையில் கொடுங்கள். 'இன்ன மாதம் மருந்து மாறியது. அதற்குப் பிறகு ராத்திரி பல தடவை உறவுக்கு வற்புறுத்துகிறார். மறுத்தால் சந்தேகப்பட்டுக் கத்துகிறார். நான் தனியாக உங்களிடம் பேச வேண்டும்.' இவ்வளவு போதும்.

இன்றைக்கே செய்யக்கூடியது, வேறு அறையில் படுப்பது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், தாழ்ப்பாள் உள்ள அறையாக இருக்கட்டும். ராத்திரி உதவிக்கு மகனையோ ஒரு ஆண் உதவியாளரையோ அவர் பக்கத்தில் படுக்க வையுங்கள். குளிப்பாட்டுவதையும் முடிந்தால் அவர்களிடம் கொடுங்கள். அப்புறம் அவர் கேட்கும்போது நீளமாக விளக்கம் சொல்ல வேண்டாம், விளக்கம் அவர் மனதில் நிற்காது. கையைப் பிடித்து எழுப்பி, கால் கழுவ, தண்ணீர் குடிக்க என்று வேறு வேலைக்குக் கூட்டிப் போங்கள். சில நாள் அது கேட்கும், சில நாள் கேட்காது. கேட்காத நாளில் எழுந்து வெளியே வந்துவிடுங்கள். உங்களில் பிழை ஒன்றும் இல்லை.

---

பழையமரம்

மலைக்கோட்டை அம்மா, உங்கள் அக்கா சொன்னதைத்தான் என் வீட்டுப் பெண்களும் சொல்லியிருப்பார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இதை ஒரு கிழவன் சொல்வது உங்களுக்கு ஏதாவது உதவுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். மகன் வளர்ந்தவர்தானே, ராத்திரி அப்பா பக்கத்தில் அவர் படுக்கலாம். காரணம் முழுக்கச் சொல்ல வேண்டாம், 'எனக்குத் தூக்கம் இல்லை, நீ படு' என்றால் போதும்.

ரேஹான்ஸ் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. அவரைக் கூண்டில் ஏற்றியிருக்கக் கூடாது.

---

காவேரிக்கரை

பேசாமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். கணவருக்கு அல்சைமர் என்பதால் 2006-இல் பதவியை விட்டார். பிறகு பராமரிப்பு இல்லத்தில் அந்தக் கணவருக்கு வேறொரு பெண் நோயாளியோடு பிரியம் வந்தது. இருவரும் கை கோத்து ஊஞ்சலில் உட்கார்ந்திருப்பார்கள். கணவர் நிம்மதியாக இருக்கிறாரே என்று ஓ'கானர் சந்தோஷப்பட்டதாக 2007-இல் மகன் தொலைக்காட்சியில் சொன்னார். அந்த மனம் எல்லாருக்கும் வராது, வர வேண்டும் என்று யாரையும் கேட்கவும் முடியாது. ஆனால் நோயாளியின் ஆசை அவருடையது, துணையின் உடைமை இல்லை என்பதை அந்த அம்மா வாழ்ந்து காட்டினார். அயோவாவில் அந்த மனைவிக்கு உண்மையில் என்ன ஆசை இருந்தது என்று ஜூரிக்கு யாராலும் சொல்ல முடியவில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவரிடம் அதைக் கேட்டுப் பார்த்தவர்கள் உண்டா என்பதுதான் எனக்கு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மலைக்கோட்டை, டாக்டரைப் பார்க்கும் நாளை இங்கே சொல்லுங்கள்.

---

மலைக்கோட்டை

வியாழக்கிழமை போகிறோம். நெய்தல் சொன்ன நாலு வரியை அப்படியே எழுதி மருந்துச் சீட்டுக்குள் வைத்துவிட்டேன். இன்று ராத்திரி ஹாலில் மகன் படுக்கிறான். நான் உள் அறையில்.